துளையில்லாக் கத்தரிக்காய்
அயல்நாட்டுப் பயிர்த் தொழினுட்பமும் கொழும்புச் சந்தைப் பேச்சும்

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையிலே கத்தரிக்காய் வாங்குவோர் முதலிற் செய்வது ஒன்றுண்டு. காயைக் கையிலெடுத்து, காம்புப் புறத்தைத் திருப்பி, எங்கேனும் துளை தென்படுகின்றதோ எனப் பார்ப்பர். துளை கண்டால் அக்காய் குவியலுக்கே திரும்பும். கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் வழக்கம் இதுவே. துளையற்ற காய்களைத் தெரிந்து பையிலிட்ட பின்னர் அதே வாய் வியாபாரியை நோக்கி, "தம்பி, இதற்கு மருந்து அடித்திருக்கிறார்களோ?" என வினவும். "இல்லை அம்மா, இது ஊர்க் காய்" என்று மறுமொழி வரும். இருவரும் அத்துடன் அமைவர்.

அம்மறுமொழியில் எவ்வளவு உண்மை உண்டென்பதைக் கத்தரி நாட்டிய கமக்காரர் அறிவர். துளையில்லாத காயே விலைபோகும் என்பதனாலேயே மருந்து தெளிக்கப்படுகின்றது. வாங்குவோர் துளையையும் வெறுக்கின்றனர், மருந்தையும் வெறுக்கின்றனர். இவ்விரு வெறுப்புகளுக்குமிடையே நசுங்குபவர் தோட்டக்காரரே. முகமூடியும் கையுறையுமின்றித் தெளிகருவியை முதுகிற் சுமந்து செல்பவரும் அவரே. அந்நஞ்சு முதலிற் சேர்வதும் அவருடைய உடலிலேயே.

இந்தச் சிக்கலுக்கு அயல்நாடொன்றிலே புதிய வழியொன்று கண்டு, அதனைக் கமக்காரரின் தோட்டங்களிற் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கையாண்டு வருகின்றனர். அதுபற்றிக் கொழும்பிலே பலவாறான பேச்சுகள் உலவுகின்றன. சில சரி, பல பிழை. பயிர்செய்வோர் உள்ளதை உள்ளவாறு அறிந்திருத்தல் நன்று.

புழு எங்கே இருக்கின்றது?

கத்தரியின் குருத்தையும் காயையும் துளைக்கும் புழு, வெண்ணிறச் சிறகுகளிற் கபிலப் புள்ளிகளையுடைய சிறு அந்தொன்றின் குடம்பியாகும். அந்து இரவிலே இலைகளில் ஒவ்வொன்றாக முட்டையிடும். சில நாட்களிற் பொரித்து வெளிவரும் புழு, இலையின் மேல் நெடுநேரம் தங்குவதில்லை. பயிர் இளமையாக இருப்பின் குருத்துக்குள்ளும், காய்த்திருப்பின் காய்க்குள்ளும் விரைந்து நுழைந்துவிடும். நுழைந்த வாயிலைத் தன் எச்சத்தினால் அடைத்தும் கொள்ளும். வெளியே தெரியும் வட்டமான துளை பெரும்பாலும் புழு உண்டு முடித்து வெளியேறிய வழியாகும். வெள்ளவத்தையிலே திருப்பிப் பார்த்து வாங்கிய துளையில்லாக் காயினுள்ளே புழு வீற்றிருப்பதும், துளையுள்ள காயிலிருந்து புழு எப்போதோ போய்விட்டிருப்பதும் இதனாலேயே. சந்தைப் பரீட்சை அவ்வளவு நம்பத்தக்கதன்று.

மருந்து ஏன் பயன் தருவதில்லை என்பதும் இதனால் விளங்கும். தெளிக்கப்படும் நஞ்சு புழுவைச் சேரவேண்டுமாயின், பொரித்த புழு நுழைவதற்கு முன்னுள்ள சிறிது நேரத்திலேயே சேரவேண்டும். அந்நேரத்தை எவராலும் குறித்தறிதல் இயலாது. ஆகவே வாரத்திற்கு இருமுறை, மும்முறை எனத் தெளிப்பு பெருகுகின்றது. வங்காளதேசத்திலே ஒரு பருவத்தில் எண்பது முறைக்கு மேல் தெளித்தோரும் இருந்தனர் எனப் பதிவுகள் உண்டு. அங்கே கத்தரி ஏழைகளின் மரக்கறி. ஆண்டு முழுவதும் பயிராவது.

வங்காளதேசம் செய்தது

மண்ணிலே இயல்பாக வாழும் பற்றீரியா ஒன்று உண்டு. 1901 ஆம் ஆண்டிலே யப்பானில், பட்டுப்புழுக்கள் திடீரென மடிந்ததன் காரணத்தைத் தேடிய இஷிவாத்தா என்பார் அதனை முதலிற் கண்டார். 1911 இல் செருமனியின் துரிங்கியா மாநிலத்திலே மாவந்தின் புழுவில் அதனைக் கண்ட பேளினர் என்பார் அம்மாநிலத்தின் பெயராலே அதற்குப் பெயரிட்டார். அப்பெயரின் முதலெழுத்துகளே பீ.ரீ. என்பன. இப்பற்றீரியா உண்டாக்கும் புரதமொன்று சில புழுக்களின் குடலிற் காரத்தன்மையான சாற்றிலே கரைந்து, குடற்சுவரில் அதற்கென அமைந்த இடங்களிற் பற்றி, சுவரைத் துளைத்துவிடும். புழு உண்பதை நிறுத்தி மடியும். மனிதர் இரைப்பையிலே அமிலம் உண்டு; அப்புரதம் பற்றிக்கொள்ளும் இடங்கள் மனிதர் குடலில் இல்லை. பிரான்சிலே 1938 ஆம் ஆண்டளவிலேயே இப்பற்றீரியா தெளிமருந்தாக விற்கப்பட்டது. இரசாயனங்களை அறவே விலக்கும் சேதன விவசாயிகளும் இதனைத் தெளிக்கின்றனர்.

தெளித்த மருந்து வெயிலிற் கெடும், மழையிற் கழுவப்படும், துளைக்குள்ளே செல்லாது. அப்புரதத்தைச் செடியே தன் குருத்திலும் காயிலும் உண்டாக்கிக்கொண்டால் என்னவென்பதே புதிய வழியின் கருத்து. புரதத்தை உண்டாக்கும் கட்டளை பற்றீரியாவின் பரம்பரையலகொன்றில் உள்ளது. (தமிழ்நாட்டார் இதனை மரபணு என்பர்.) அவ்வலகை எடுத்துக் கத்தரியின் உயிர்க்கலத்தினுட் சேர்த்து, அக்கலத்திலிருந்து செடியை வளர்த்தால், அச்செடியும் அதன் வித்துகளும் அக்கட்டளையைத் தாங்கியிருக்கும். இந்தியாவின் மகிகோ என்னும் விதை நிறுவனம் இவ்வேலையைச் செய்தது. அமெரிக்க அரசின் உதவியோடு கோர்னெல் பல்கலைக்கழகம் நடத்திய திட்டமொன்றின் வழியாக அது வங்காளதேச விவசாய ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தது. காசிப்பூரிலுள்ள அந்நிலையத்தார் அதனைத் தம் நாட்டுக் கத்தரியினங்களோடு கலந்து நான்கு இனங்களை உருவாக்கினர். 2013 ஒக்டோபர் 30 ஆந் திகதி அந்நாட்டரசு அவற்றுக்கு அனுமதி வழங்கியது. 2014 சனவரி 22 இல் விவசாய அமைச்சர் மத்தியா சௌதுரி இருபது கமக்காரருக்கு நாற்றுகளைக் கையளித்தார்.

முதற் பருவம் நல்லபடியாக அமையவில்லை. சில தோட்டங்களிற் செடிகள் வாடி மடிந்தன. பத்திரிகைகள் புதுக் கத்தரி தோற்றதென எழுதின. ஆராய்ச்சி நிலையத்தார் சென்று பார்த்துப் பற்றீரிய வாடல் நோயையும் வறட்சியையும் காரணமாகக் கூறினர். இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். பீ.ரீ. கத்தரி காக்கப்பட்டிருப்பது துளைக்கும் புழுவிலிருந்து மட்டுமே. வாடல் நோய், வெண்ணீ, தத்துப்பூச்சி, சிற்றுண்ணி ஆகிய எவற்றுக்கும் அது சாதாரணக் கத்தரியே. நாற்றைக் கொடுத்தவர்கள் இதனை அழுத்திச் சொல்லியிருந்தால் அக்குழப்பத்திற் பாதி நேர்ந்திராது. புதியதொன்று எதைச் செய்யாது என்பதை முதலிற் சொல்லாமல் விட்டால், பின்னர் அது செய்வதையும் எவரும் நம்பார்.

அடுத்த பருவம் நூற்றெட்டுப் பேர் நாட்டினர். 2018 ஆம் ஆண்டளவில் நாட்டியோர் தொகை இருபத்தேழாயிரத்தைக் கடந்தது. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்நாட்டு விவசாய அமைச்சோடு சேர்ந்து, புதிய இனத்தை நாட்டியோரையும் பழைய இனத்தை நாட்டியோரையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிட்டனர். பீடைநாசினிக்கான செலவு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது, விளைவும் கூடியிருந்தது. இன்னுமொரு செய்தி கமக்காரருக்கு முக்கியமானது. அந்நான்கும் கலப்பினங்களல்ல, தன்னினம் பெருகும் இனங்கள். அரசு நிலையம் வெளியிட்டவை ஆதலின் கமக்காரர் தம் வித்தைத் தாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலே நின்றுபோனது

விந்தை என்னவெனின், இக்கத்தரி பிறந்த இந்தியாவிலே அது தோட்டத்தை அடையவில்லை. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் நாட்டுக் கத்தரிகளான கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 ஆகியவற்றுள் இப்பரம்பரையலகைச் சேர்த்திருந்தது. 2009 ஒக்டோபரில் அனுமதிக் குழு இசைந்தது. உடனே எதிர்ப்பு எழுந்தது. சுற்றாடல் அமைச்சர் செயராம் ரமேஷ் கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாக்பூர், சண்டிகார், ஐதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களிலே பொதுமக்கள் கருத்தைக் கேட்டார். நான்கு இனங்களை ஆக்கிய தமிழ்நாட்டிலே ஒரு கூட்டமும் நடைபெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கூட்டங்களிற் கூச்சல் மிகுதி. 2010 பெப்ருவரி 9 இல் அமைச்சர் அதனைக் காலவரையறையின்றி நிறுத்திவைத்தார்.

எதிர்த்தோர் சொன்ன யாவும் வெறும் அச்சமென்று தள்ளுதல் முறையன்று. கத்தரியின் தாயகம் இந்தியா. அங்கே காட்டுக் கத்தரிகள் பல உண்டு. மகரந்தத்தின் வழியே புதிய அலகு அவற்றுட் புகுமோ என்பது நியாயமான கேள்வி. விதை ஒரு நிறுவனத்தின் கைக்குட் போய்விடுமோ என்பது அதனினும் நியாயமானது. நெடுங்காலப் பரிசோதனைகள் போதுமோ என்றும் கேட்டனர். பருத்தியிலே நேர்ந்ததையும் மறத்தல் கூடாது. 2002 இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பீ.ரீ. பருத்தி காய்ப்புழுக்களை அடக்கியது. ஆயின், அவற்றுள் ஒன்றான இளஞ்சிவப்புக் காய்ப்புழு குசராத்திலே அந்நஞ்சை வென்று பழகிக்கொண்டமை 2010 அளவில் உறுதியாயிற்று. ஓரத்திற் சாதாரணப் பருத்தியைச் சில வரிசைகள் நாட்டுமாறு கூறப்பட்டிருந்தது. அவ்வரிசைகளிலே நஞ்சுக்குப் பழகாத அந்துகள் பிறந்து, பழகியவற்றோடு கலந்து, பழக்கம் பரவுவதைத் தாமதப்படுத்தும். பெரும்பாலோர் அவ்வரிசைகளை நாட்டவில்லை. வங்காளதேசத்திலே கத்தரிக்கும் இதே ஓரவரிசை விதிக்கப்பட்டுள்ளது.

மற்றோரிடத்து நடந்தது வேறு. பிலிப்பைன்சிலே, குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து ஏ தரும் பொருளைச் சோற்றிலேயே அமைக்கும் நோக்குடன் ஆக்கப்பட்ட பொன்னரிசியின் பரிசோதனை வயலொன்றை 2013 ஓகத்து மாதத்திற் சிலர் புகுந்து பிடுங்கியெறிந்தனர். நாற்று விளைந்து என்ன ஆகுமென அறிவதற்கு முன்னரே அது அழிந்தது. எட்டாண்டுகளின் பின் 2021 இல் அந்நாடு அவ்வரிசிக்கு அனுமதி வழங்கியது. 2024 ஏப்பிரலிலே நீதிமன்றமொன்று அவ்வனுமதியையும், பீ.ரீ. கத்தரிக்கு அளித்த அனுமதியையும் இரத்துச் செய்தது. ஆதரிப்போர் நன்மையை மட்டும் பேசினர். எதிர்ப்போர் தீமையை மட்டும் பேசினர். உழவரின் தோட்டக் கணக்கைக் கேட்டவர் சிலரே.

இக்குறையை நிரப்பவென 2014 இல் அதே கோர்னெல் பல்கலைக்கழகத்திலே, பில் கேட்சு தம்பதியர் நிதியத்தின் பணத்தோடு ஒரு கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. ஆபிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து பத்திரிகையாளரையும் கமக்காரரையும் அழைத்து இவ்விடயத்தை விளக்கிற்று. அதன் விளக்கத்தைக் கேட்கும்போது பணம் எவர் தந்தது என்பதையும் மனத்திற் கொள்ளுதல் நன்று. எதிர்த்துப் பேசுவோரிடத்தும் இதே கேள்வியைக் கேட்டல் வேண்டும்.

கொழும்புச் சந்தைப் பேச்சு

கொட்டாஞ்சேனையிலே பருத்த தக்காளியைக் காண்போர், "இது மரபணு மாற்றிய தக்காளி" என்பர். விதையில்லா வத்தகப்பழம், நேரான கரட், பெரிய கோவா, பழுத்தும் நெடுநாள் கெடாத பப்பாளி ஆகிய யாவும் இப்பழிக்கு ஆளாகின்றன. இப்பேச்சு தோட்டத்தையும் எட்டிவிட்டது. கலப்பின வித்து வாங்கி நாட்டிய கமக்காரரே தம் பயிரைப்பற்றி ஐயுறுகின்றனர்.

இலங்கையிலே வணிகச் சாகுபடிக்கென மரபணு மாற்றிய பயிர் எதுவும் இதுவரை அனுமதிக்கப்படவில்லை. பருத்த தக்காளி கலப்பின வித்தின் பயன். தாய்ச்செடியின் பூவிலே தந்தைச்செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்துப் பெற்றது. அதன் வித்தை எடுத்து மீண்டும் நாட்டினாற் பெற்றோர் குணங்கள் பிரிந்து ஒழுங்கின்றி வரும். பரம்பரையலகு மாற்றத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவிலே மாற்றிய தக்காளியொன்று 1994 இல் விற்பனைக்கு வந்து, ஆதாயமின்றிச் சில ஆண்டுகளில் மறைந்தது. அதன் கதையே இன்னும் இங்கு உலவுகின்றது. நெல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. பீ.ஜீ. என்பதைக் கேட்டுப் பீ.ரீ. என எண்ணுவோர் உளர். இலங்கை நெல்லினப் பெயர்களின் முன்னெழுத்துகள் ஆராய்ச்சி நிலையங்களைக் குறிப்பன: பீ.ஜீ. பத்தலகொட, பீ.டபிள்யூ. பொம்புவல, ஏ.ரீ. அம்பலாந்தோட்டை. அவ்வளவே.

இறக்குமதி உணவு வேறு விடயம். 2001 ஆம் ஆண்டிலே இலங்கை மரபணு மாற்றிய உணவு வகைகளின் இறக்குமதியை முற்றாகத் தடைசெய்ய முனைந்து, நடைமுறைப்படுத்தும் நாளைத் தள்ளிவைத்து, ஈற்றில் நிறுத்திவிட்டது. பின்னர் 2006 இல் உணவுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டு 2007 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தன. அனுமதியின்றி அத்தகைய உணவை இறக்குமதி செய்யலாகாது. உணவொன்றில் அத்தகைய பொருள் நூற்றுக்கு அரைப் பங்கிற்கு மேற்படின் சுட்டுத்துண்டிலே அதனைக் குறித்தல் வேண்டும். ஐயமுள்ளோர் சோயா, சோளம் சேர்ந்த பொதிகளின் சுட்டுத்துண்டை வாசிக்கலாம். தக்காளியைத் தட்டிப் பார்ப்பதாற் பயனில்லை.

அறிவியற் கேள்வியொன்றை வயலிற் சோதியாது தீர்த்தால் என்ன நேருமென்பதை இந்நாட்டு நெற் கமக்காரருக்கு எவரும் கூறவேண்டியதில்லை. 2021 மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது. நவம்பரிலே அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த பெரும்போக அறுவடையின்போது சாக்குகளை எண்ணியவர்கள் அதன் கணக்கை அறிவர்.

இங்கிருந்து சென்ற நெல்

அயல்நாட்டு ஆய்வுகூடங்களிற் பேசப்படும் பரம்பரையலகுகளுட் சில இலங்கை வயல்களிலிருந்து சென்றவை. கபில நிறத் தத்தி நெற்பயிரைத் தீய்ந்தது போலாக்கும் பீடை. அதற்கு எதிர்ப்பாற்றல் உடையதாக ரத்து ஹீனட்டி என்னும் சிவப்பரிசிப் பாரம்பரிய இனம் 1970 களிலேயே இனங்காணப்பட்டது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதன் ஆற்றல் எவ்வலகிலுள்ளது எனத் தேடினர். 2015 இற் சீன அறிஞர் அவ்வலகையே பிரித்தெடுத்துக் காட்டினர். ஒரே அலகை நம்பிய நெல் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதும் அந்நிலையம் கற்ற பாடம். 1973 இல் வெளியிட்ட ஐ.ஆர். 26 என்னும் இனத்தைத் தத்தி சில ஆண்டுகளுக்குள் வென்றுவிட்டது. அதனாலேயே வெவ்வேறு அலகுகளை ஒரே நெல்லில் அடுக்கிவைக்க இப்பொழுது முயல்கின்றனர்.

வெள்ளத்தில் மூழ்கியும் அழுகாத நெல்லைத் தேடியபோது தெரிந்தெடுக்கப்பட்ட சிலவற்றுள் இலங்கையின் கொட ஹீனட்டியும் ஒன்றாகும். அவ்வாற்றலைத் தரும் அலகு ஒரிசா மாநில நெல்லொன்றிலிருந்து 2006 இற் கண்டறியப்பட்டு, சுவர்ணா என்னும் நெல்லினுட் சேர்க்கப்பட்டு, 2009 இல் இந்தியக் கமக்காரரைச் சேர்ந்தது. இரண்டு வாரம் நீருள் இருந்தும் அது மீண்டு வளரும். இங்கே வேற்றுயிரின் அலகு எதுவும் புகுத்தப்படவில்லை. சாதாரண முறையில் நெல்லை நெல்லோடு கலந்து, நாற்றுப் பருவத்திலேயே இலைத்துண்டைச் சோதித்து, வேண்டிய அலகைத் தாங்கிய நாற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டனர். 1958 இலே முருங்கக்காயன் 302 என்னும் நெல்லை இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லோடு கலந்து பத்தலகொடையில் எச். 4 ஐ ஆக்கியோர் கண்ணாற் பார்த்துப் பல தலைமுறைகள் தெரிந்தெடுத்தனர். இவர்கள் அலகைப் பார்த்துத் தெரிந்தெடுக்கின்றனர். உயிர்த் தொழினுட்பம் என்ற ஒரே பெயரின்கீழ் இம்முறையும் பற்றீரியாவின் அலகைக் கத்தரியிற் சேர்க்கும் முறையும் அடங்குகின்றன. ஒன்றைப் பற்றிய அச்சத்தை மற்றதன் மேல் ஏற்றுவோர் இவ்வேறுபாட்டை நோக்குவதில்லை.

இப்போதைக்குச் செய்யக்கூடியது

வங்காளதேச வித்தை இங்கே கொண்டுவந்து நாட்டுதல் சட்டத்திற்கு மாறானது. அயல்நாடு சென்று வருவோர் பொட்டலமாகத் தரும் வித்துகளை ஏற்றல் கூடாது. நோய்களும் அவற்றோடு வந்து சேரும். துளைப்பானைக் கட்டுப்படுத்த இப்பொழுது கைக்கெட்டும் வழிகள் உள.

வாடித் தொங்கும் குருத்துகளை வாரந்தோறும், புழுவிருக்கும் இடத்திற்குக் கீழே ஓரங்குலம் விட்டு நறுக்கிப் புதைத்தல் வேண்டும் அல்லது எரித்தல் வேண்டும். நறுக்கி வரம்பிலே எறிந்தாற் புழு ஊர்ந்து மீண்டும் செடிக்கு வரும். துளைத்த காய்களையும் அவ்வாறே அகற்றுக. இவ்வேலையைத் தனியொருவர் செய்து பயனில்லை. அயல் தோட்டத்தாரும் அதே வாரத்திற் செய்தல் வேண்டும். அறுவடை முடிந்த கத்தரித் தடிகளை விறகுக்கென வேலியோரத்திற் குவித்து வைப்பது பலரின் வழக்கம். அக்குவியலினுள்ளே கூட்டுப்புழுக்கள் இருந்து, அந்துகளாகி, பக்கத்துப் புதிய நாற்றுமேடைக்கே பறந்து வரும். காய்ந்த தடியை உடனே எரித்துவிடுக. நாற்றுமேடையை நுண்வலையால் மூடுக. ஆணந்துகளைக் கவரும் வாசனைப் பொறிகளை நாற்று நட்ட சில வாரங்களுக்குள் வைத்தல் நன்று.

மருந்து தெளித்தே ஆகவேண்டுமாயின் அறுவடைக்கு முந்திய இடைவெளியாகச் சுட்டுத்துண்டிற் குறித்துள்ள நாட்கள் கழிந்த பின்னரே காய் பறித்தல் வேண்டும். மாலையிலே தெளித்து மறுநாட் காலை பறித்து லொறியில் ஏற்றிய காயே வெள்ளவத்தையில் "ஊர்க் காய்" என விலைபோவது. இரண்டு மருந்துகளை ஒன்றாய்க் கலந்து தெளிப்பதும் வேண்டாம். எதனாற் புழு மடிந்தது, எதற்கு அது பழகிற்று என்பது பின்னர் எவருக்கும் விளங்காது. தெளித்த திகதியையும் மருந்தின் பெயரையும் கொப்பியொன்றிற் குறித்து வருவோர் பருவ முடிவிற் செலவைத் தாமே கணிக்கலாம்.

வாசனைப் பொறிகள், அவற்றை வைக்கவேண்டிய உயரம், இடைவெளி, அப்பகுதிக்கேற்ற கத்தரியினங்கள் ஆகியவற்றைப் பற்றிய மேலதிக விபரங்களை விவசாயப் போதனாசிரியரிடம் அல்லது அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திற் கேட்டறியலாம். துளைத்த காய்கள் இரண்டை ஒரு பையிலிட்டு உடன் கொண்டுசெல்லுதல் நன்று.